ஆர்க்கிடெக்ட் ஆவது எப்படி? பிளஸ் டூ முதல் கவுன்சில் பதிவு எண் வரை

வக்கீலாக வேண்டுமென்றால் சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிந்து, அகில இந்திய பார் தேர்வையும் எழுத வேண்டும். ஆடிட்டருக்குப் படிப்பே தேர்வுதான். ஆர்க்கிடெக்ட் கதை வேறு. இந்தியாவில் பி.ஆர்க். என்ற ஐந்தாண்டு இளங்கலைக் கட்டடக்கலைப் படிப்பை முடித்தவருக்கு அதற்கு மேல் தகுதித் தேர்வு எதுவும் கிடையாது. சான்றிதழ்களை இணைத்து விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் பதிவு எண் வந்துவிடும்.

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியில் இல்லாத சோதனை எல்லாம் முதலிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பள்ளியில் என்ன பாடம் எடுத்தீர்கள், எந்த நுழைவுத் தேர்வு எழுதினீர்கள், எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டு சேர்ந்தீர்கள் என்பதை வைத்தே உங்கள் பதிவு தீர்மானமாகிறது. இதில் ஒன்று பிசகியிருந்தால் ஐந்து வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும். அப்போது சரிசெய்ய ஏறக்குறைய வழியே இருக்காது. அதனால் கல்லூரியில் சேர்வதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சேர்ந்த பிறகு வருவதைப் பேராசிரியர்களும் சீனியர்களும் பார்த்துக்கொள்வார்கள்.

சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் அமைந்ததுதான் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர். டெல்லியில் இருக்கும் இந்த அமைப்பு நாடு முழுமைக்கும் ஒரே பதிவேட்டை வைத்திருக்கிறது. மருத்துவர்களுக்கும் வக்கீல்களுக்கும் இருப்பதுபோல மாநிலக் கவுன்சில்கள் இதில் இல்லை. சென்னையில் பதிந்தவர், கோவாவில் பதிந்தவர் என்ற பேதமும் இல்லை.

சட்டத்தின் 37ஆம் பிரிவைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பதிவு பெறாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதே அது சொல்வது. பதிவு இல்லாதவர் கட்டடத்துக்கு வரைபடமே போடக் கூடாது என்று அது சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில், நொய்டா நகர வளர்ச்சி ஆணையத்தின் பதவிப் பெயர் ஒன்றைப் பற்றிய வழக்கில், இதைத் தெளிவாக்கியது. தடை பட்டத்தைப் பயன்படுத்துவதற்குத்தான், தொழில் செய்வதற்கு அல்ல. அதேசமயம் பதிவு பெறாத ஒருவரின் பதவிப் பெயரில் அந்தச் சொல் வரக் கூடாது என்றது தீர்ப்பு.

இதனால்தான் உங்கள் ஊரில் வீட்டு பிளான் போடும் சிவில் இன்ஜினியர் சட்டப்படி சரியாகவே தொழில் செய்கிறார். பலகையில் 'ஆர்க்கிடெக்ட்' என்று எழுதிக்கொண்டால்தான் தவறு. அந்தத் தவறுக்கு 1972இல் வைத்த தண்டனை முதல் முறைக்கு 500 ரூபாய் வரை அபராதம். ஊர்ப் பலகைகளில் அந்தச் சொல் ஏன் இவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் பதிவு எதற்கு? பிளான் அப்ரூவல் விதிகளில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் என்ற தனி இடம் இருக்கிறது. அரசு வேலை, பெரிய டெண்டர், கல்லூரி ஆசிரியர் பணி எல்லாமே கவுன்சில் எண்ணைக் கேட்கும். வடிவமைப்பில் எவ்வளவு திறமை இருந்தாலும் அந்த எண் இல்லாமல் ஒரு கட்டத்துக்கு மேல் போக முடியாது.

பாதை மாறி வந்த கதை

'எங்க பெரியப்பா டிப்ளமோ படிச்சிட்டே ஆர்க்கிடெக்ட் ஆனாரே' என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வழிகளில் பெரும்பாலானவை இன்று அடைபட்டுவிட்டன.

சட்டம் வந்த புதிதில் பட்டமே இல்லாதவர்களுக்கும் ஒரு வாசல் இருந்தது. குறிப்பிட்ட நாளுக்கு முன் ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஆர்க்கிடெக்டாகத் தொழில் செய்த இந்தியக் குடிமகன் பதிவு பெறலாம் என்று 25ஆம் பிரிவு இடம் கொடுத்தது. பழைய தலைமுறையினரைத் தெருவில் விட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்தத் தலைமுறையோடு அது முடிந்தது.

சட்டத்தின் பின்னிணைப்பில் ஏற்கப்பட்ட தகுதிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைப் படித்தால் அன்றைய இந்தியாவின் கட்டடக்கலைக் கல்வி கண்ணுக்கு முன் வரும். காரக்பூர் ஐ.ஐ.டி.யின் பி.ஆர்க்.; 1941க்குப் பிறகு பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி கொடுத்த ஐந்தாண்டு முழுநேர டிப்ளமோ. மகாராஷ்டிர அரசு டிப்ளமோ. அகமதாபாத் ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் டிப்ளமோ. இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸ் அமைப்பின் உறுப்பினர் தகுதிகூட அதில் உண்டு. அகமதாபாத் பள்ளியைத் தொடங்கியவர் பாலகிருஷ்ண தோஷி. கட்டடக்கலையின் மிக உயர்ந்த சர்வதேச விருதான பிரிட்ஸ்கரை 2018இல் வாங்கிய முதல் இந்தியர் அவர். ஆக டிப்ளமோ என்ற பெயரில் இருந்தவை எல்லாம் மட்டமானவை அல்ல. அவற்றில் சில நாட்டின் முதல் தரப் படிப்புகள். ஆனால் இன்றைய பாலிடெக்னிக் டிப்ளமோவும் அவையும் ஒன்றல்ல. பெரியப்பா விஷயத்தில் குழப்பம் நேர்வது இங்கேதான்.

இன்று நடைமுறையில் மீதியிருப்பது ஒரே நெடுஞ்சாலை: கவுன்சில் ஒப்புதல் பெற்ற கல்லூரியில் முழுநேர ஐந்தாண்டு பி.ஆர்க். அந்தச் சாலைக்குள் நுழையும் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2006இல் நாட்டா என்ற தேசியத் திறனறித் தேர்வு வந்தது. 1983ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கல்வித் தர விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் 2020 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன் பிறகு சேர்க்கைத் தகுதியும் தளர்ந்திருக்கிறது. உங்களுக்குப் பொருந்துவது நீங்கள் சேரும் ஆண்டின் விதி. அக்காவோ அண்ணனோ சேர்ந்த ஆண்டின் விதியை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

முதல் படி: பதினொன்றாம் வகுப்பில் என்ன குரூப்

கணிதம் இல்லாமல் பி.ஆர்க். கிடையாது. இயற்பியலும் வேண்டும். முன்பு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயமாக இருந்தன, ஐம்பது சதவீதம் மதிப்பெண் கேட்டார்கள். இப்போது இயற்பியலும் கணிதமும் கட்டாயம்; மூன்றாவது பாடமாக வேதியியல், உயிரியல், கணினி அறிவியல், பொறியியல் வரைகலை, வணிகவியல் சார்ந்த சில பாடங்கள் என்று பட்டியல் விரிந்திருக்கிறது. மொத்த மதிப்பெண் 45 சதவீதம் போதும்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கு இந்தத் தளர்வால் பெரிய லாபம் இல்லை. நம் பள்ளிகளில் கணிதமும் இயற்பியலும் எடுத்தால் வேதியியலும் கூடவே வந்துவிடும். சி.பி.எஸ்.இ. மாணவர்கள் சிலருக்குத்தான் புதிய கதவு. காமர்ஸ் குரூப்பில் கணிதம் எடுத்தவர்கள் 'வணிகவியல் ஏற்பு' என்ற செய்தியைப் பார்த்து ஏமாற வேண்டாம், இயற்பியல் இல்லாவிட்டால் தகுதி இல்லை.

பாலிடெக்னிக் போனவர்கள்: பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, அதில் கணிதம் ஒரு பாடமாக இருந்தால், பி.ஆர்க்.கில் சேரலாம். ஆனால் பி.இ.யில் போல நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியாது. முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்றும் ஐந்தும் எட்டு வருடம். ஆர்க்கிடெக்சர் அசிஸ்டன்ட்ஷிப் டிப்ளமோ முடித்து வந்தவர்கள் முதல் இரண்டு வருடம் வகுப்பில் கொடிகட்டிப் பறப்பார்கள் என்பது உண்மைதான். கையில் வரைகலை ஏற்கெனவே பழகியிருக்கும். ஆனால் குடும்பச் சூழலில் எட்டு வருடம் தாங்குமா என்பதைப் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே பேசிவிடுங்கள்.

இரண்டாம் படி: எந்த நுழைவுத் தேர்வு

மூன்று வாசல்கள் இருக்கின்றன. எந்தக் கல்லூரி வேண்டும் என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும்.

பெரும்பாலானவர்களுக்கு நாட்டாதான். கவுன்சிலே நடத்துவது. மொத்தம் 200 மதிப்பெண். இப்போதுள்ள அமைப்பில் 80 மதிப்பெண்ணுக்குக் கையால் வரைதல், 120 மதிப்பெண்ணுக்குக் கணினியில் கேள்விகள். ஒரே ஆண்டில் ஒரு முறைக்கு மேல் எழுத விடுகிறார்கள், சிறந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் முறை பள்ளி இறுதித் தேர்வு நெருக்கடியில் சரியாக அமையாவிட்டாலும் பதற வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தமிழ்நாடு அரசுக் கவுன்சலிங்கில் பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கு மாற்றி, நாட்டா மதிப்பெண் 200ஐயும் கூட்டி, 400க்கு ரேங்க் போடுகிறார்கள். அதாவது இரண்டுக்கும் சம எடை. பள்ளி மதிப்பெண் கொஞ்சம் குறைந்தவர் வரைதலில் மேலே வர முடியும். பொறியியல் கட்-ஆஃப் கணக்கே பழகிப்போன பெற்றோர் இதை நம்ப மறுப்பார்கள். தகவல் கையேட்டைத் திறந்து காட்டுங்கள். பி.ஆர்க். கவுன்சலிங்குக்கு விண்ணப்பமும் தனி. பி.இ.க்குப் போட்ட விண்ணப்பமே போதும் என்று இருந்துவிடாதீர்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியில் சேர ஆசைப்படுபவர்கள் போகும் வழியும் இதுதான்.

இரண்டாவது வாசல் ஜே.இ.இ. மெயின் தேர்வின் பேப்பர் 2ஏ. கணிதம், திறனறிதல், வரைதல் என்று மூன்று பகுதிகள். திருச்சி என்.ஐ.டி., டெல்லி, போபால், விஜயவாடாவில் இருக்கும் ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் ஆகியவற்றுக்கு இது வேண்டும். நாட்டா மதிப்பெண்ணைக் கொண்டுபோய்த் திருச்சி என்.ஐ.டி.யில் காட்டினால் ஒன்றும் நடக்காது. விண்ணப்பம் போடும்போதே பி.ஆர்க். தாளைத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும், பி.டெக். தாளுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டுப் பிறகு வருந்தும் மாணவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள்.

மூன்றாவது ஐ.ஐ.டி. காரக்பூர், ரூர்க்கி, வாரணாசி. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறி, அதன் பிறகு ஆர்க்கிடெக்சர் திறனறித் தேர்வு ஒன்றிலும் தேற வேண்டும். அந்தத் தேர்வுக்குத் தனி ரேங்க் இல்லை. தேறினால் போதும், இடம் அட்வான்ஸ்ட் ரேங்க்படியே. ஆகவே ஐ.ஐ.டி. கனவு இருந்தால் வரைதலைவிட இயற்பியல், வேதியியல், கணிதத்தில்தான் கண் இருக்க வேண்டும்.

வழக்கமான நிலையில் என் யோசனை: நாட்டாவும் பேப்பர் 2ஏவும் இரண்டும் எழுதுங்கள். தயாரிப்பில் பாதிக்கு மேல் பொதுவானது.

தயாரிப்பைப் பற்றி. கோச்சிங் சென்டர்களில் பழைய கேள்வியை வைத்து ஐம்பது படங்களை மனப்பாடமாக வரைய வைப்பார்கள். தேர்வாளர்கள் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது என் கருத்து. அதற்குப் பதில் பேருந்து நிலையம், காய்கறிச் சந்தை, கோயில் பிரகாரம் என்று தினமும் பார்க்கும் ஓர் இடத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் வரையுங்கள். மறுநாள் அதே இடத்தை வீட்டில் நினைவிலிருந்து வரையுங்கள். அப்புறம் அதே இடத்தை மாடியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரையுங்கள். கண் மட்டக் கோடு எங்கே வரும், தூரத்து மனிதர் எவ்வளவு சிறியதாகத் தெரிவார், நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் இப்படித்தான் கைக்கு வரும். நாட்டாவில் கொடுக்கப்படும் பொருள்களை வைத்து ஒரு முப்பரிமாண அமைப்பைச் செய்யும் கேள்வியும் உண்டு. பழைய காலண்டர் அட்டையும் தீக்குச்சியும் ஒட்டாமல் மடித்துச் செருகிப் பழகப் போதும்.

கணினிப் பகுதியில் வடிவங்களைச் சுழற்றிப் பார்த்தல், தர்க்கம், எண் கணிதம், கட்டடக்கலைப் பொது அறிவு, ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பொருள் கொள்வது எல்லாம் வரும். தமிழ் வழியில் படித்தவர்களுக்குக் கேள்வியின் கடினத்தைவிட ஆங்கிலத்தை வாசிக்கும் வேகம்தான் தடையாகும், ஏனென்றால் ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். தினம் ஒரு ஆங்கிலப் பத்தி வாசிப்பதை இன்றே தொடங்குங்கள்.

மூன்றாம் படி: கல்லூரியைச் சோதிப்பது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

கல்லூரியின் வாசலில் எத்தனை ஒப்புதல் பலகை தொங்கினாலும் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் ஒப்புதல். முன்பு தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யும் கவுன்சிலும் இந்த விஷயத்தில் இழுபறியாக இருந்தன. கோலாப்பூர்க் கல்லூரி ஒன்றின் வழக்கில் 2019 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், கட்டடக்கலைக் கல்வியில் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டமே மேலோங்கும் என்று தீர்ப்பு சொல்லி அதை முடித்துவைத்தது. 'ஏ.ஐ.சி.டி.இ. அப்ரூவ்ட் சார்' என்று சேர்க்கை அலுவலகத்தில் சொன்னால், தலையை ஆட்டிவிட்டுக் கவுன்சில் கடிதத்தைக் கேளுங்கள்.

கவுன்சிலின் இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. அதில் மூன்றைப் பாருங்கள். கல்லூரியின் பெயர் அப்படியே இருக்கிறதா. ஒரே அறக்கட்டளை ஒரே வளாகத்தில் இரண்டு கல்லூரி நடத்துவதுண்டு, ஒன்றின் ஒப்புதலைக் காட்டி மற்றதில் சேர்ப்பதும் உண்டு. ஒப்புதல் எந்தக் கல்வியாண்டுக்கு என்பது இரண்டாவது. அது ஆண்டுதோறும் கவனிக்க வேண்டிய விஷயம். போன வருடம் இருந்தது இந்த வருடம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூன்றாவது, எத்தனை இடம் அனுமதி. நாற்பது இடத்துக்கு அனுமதி வாங்கி அதற்கு மேல் சேர்த்தால், மேற்கொண்டு சேர்ந்தவர்களின் பதிவில்தான் கேள்வி எழும். கல்லூரிக்கு அதனால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு ஆறுதல் தராது.

அடுத்து, படிப்பின் பெயர். கவுன்சில் பதிவுக்கு வழி செய்வது பி.ஆர்க். மூன்றாண்டு பி.எஸ்ஸி. ஆர்க்கிடெக்சர், பி.டிசைன் இன்டீரியர், பி.பிளானிங், இவை எல்லாம் நல்ல படிப்புகளாக இருக்கலாம்; ஆனால் ஆர்க்கிடெக்ட் ஆக்காது. பி.ஆர்க். இல்லாமல் எம்.ஆர்க். மட்டும் வைத்திருப்பதும் அப்படித்தான். தொலைதூரக் கல்வியில் பி.ஆர்க். என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடுங்கள்.

மேனேஜ்மென்ட் கோட்டா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'இப்ப சேர்ந்துக்கோங்க, நாட்டா அடுத்த வருஷம் எழுதிக்கலாம்' என்று சேர்க்கைக் காலம் முடியும் தறுவாயில் பேசுவார்கள். நுழைவுத் தேர்வுத் தகுதி எல்லா இடங்களுக்கும் பொது, மேனேஜ்மென்ட் இடத்துக்கும் சேர்த்து. சேர்வதற்கு முன் வாங்காத மதிப்பெண்ணைப் பின்னால் வாங்கி ஒட்டவைக்க முடியாது. மிகவும் தெரிந்த கல்லூரி, சொந்தக்காரர் வேலை பார்க்கும் கல்லூரி என்றாலும் இதற்குச் சம்மதிக்க வேண்டாம். ஒரு வருடம் காத்திருந்து தேர்வு எழுதிச் சேர்வது அவமானம் அல்ல.

இவ்வளவும் சரி என்றால் கடைசியாக ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். பளபளக்கும் வரவேற்பு அறையைப் பார்க்க வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு மேல் ஸ்டூடியோவில் விளக்கு எரிகிறதா, மாணவர்கள் மாடல் வெட்டிக்கொண்டு இருக்கிறார்களா, பாடம் நடத்துபவர்களில் வெளியே தொழில் செய்யும் ஆர்க்கிடெக்ட்கள் இருக்கிறார்களா என்று நாலாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். அவருக்குப் பொய் சொல்லத் தோன்றாது.

நான்காம் படி: ஐந்து ஆண்டுகள்

பத்து செமஸ்டர். வாரம் முழுக்க டிசைன் ஸ்டூடியோ, நடுவில் கட்டுமானம், கட்டமைப்பு, வரலாறு, விதிகள். ஜூரி என்ற பெயரில் உங்கள் ஷீட்டை எல்லார் முன்னாலும் சுவரில் ஒட்டிவிட்டு வெளியாட்கள் கேள்வி கேட்பார்கள். முதல் ஜூரியில் அழாதவர்கள் குறைவு. கடைசி ஆண்டில் தீசிஸ்.

பதிவுக் கோணத்திலிருந்து பார்த்தால் இந்த ஐந்தாண்டில் முக்கியமானது ஒரு செமஸ்டர் முழுக்க வரும் பயிற்சி. பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டின் அலுவலகத்தில் செய்ய வேண்டும். சேருமுன் அந்த ஆர்க்கிடெக்டின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று கவுன்சில் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். பெரிய நகரத்துப் பெரிய அலுவலகத்தில் ஆறு மாதமும் ஒரே கழிப்பறை விவரப் படத்தைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, மூன்று நான்கு பேர் இருக்கும் சிறிய அலுவலகத்தில் சைட்டுக்குப் போய், மேஸ்திரியோடு பேசி, கம்பி கட்டுவதைப் பார்த்து, கிளையன்ட் கோபப்படுவதையும் பார்ப்பது அதிகம் கற்றுத்தரும். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள். பெரிய அலுவலகத்தின் பெயர் அடுத்த வேலைக்கு உதவும் என்பார்கள், அதிலும் நியாயம் உண்டு.

ஒரு விஷயம்: படிக்கும்போதே பெயருக்கு முன் ஆர்க்கிடெக்ட் என்பதன் சுருக்கமாக 'ஆர்.' என்று போட்டுக்கொள்வது இன்ஸ்டாகிராமில் சகஜமாகிவிட்டது. பதிவு எண் வரும்வரை அது உங்களுக்கு உரியது அல்ல. வேடிக்கையாகத் தெரியும். ஆனால் 37ஆம் பிரிவு பேசுவது இதைத்தான்.

ஐந்தாம் படி: பதிவு விண்ணப்பம்

பட்டம் அல்லது தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுன்சில் தளத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், நுழைவுத் தேர்வு மதிப்பெண் அட்டை, எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்று, அடையாளச் சான்று, புகைப்படம், கையெழுத்து ஆகியவை தயாராக இருக்கட்டும். நாட்டா மதிப்பெண் அட்டையைப் பதினெட்டு வயதில் இறக்கிவைத்து இருபத்து மூன்று வயதில் தேடுவார்கள். பழைய இமெயில் கடவுச்சொல்லும் மறந்துபோயிருக்கும். சேர்ந்த அன்றே நாலு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் பெயர். பத்தாம் வகுப்பில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி, பட்டத்தில் இனிஷியல் நடுவில் புள்ளி இல்லாமல். கவுன்சில் டெல்லியில் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு இனிஷியல் வழக்கம் பழக்கமில்லை. நாலாம் ஆண்டிலேயே எல்லாச் சான்றுகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பட்டம் அச்சாவதற்கு முன் பல்கலைக்கழகத்தில் திருத்துவது சுலபம். அச்சான பிறகு கெசட், பிரமாணப் பத்திரம் என்று அலைய வேண்டும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் 'சி.ஏ.' என்ற எழுத்துகளில் தொடங்கி, பதிந்த ஆண்டும் வரிசை எண்ணும் கொண்ட பதிவு எண் கிடைக்கும். ஒருவரின் எண்ணைப் பார்த்தே எந்த ஆண்டு தொழிலுக்கு வந்தவர் என்று சொல்லிவிடலாம். அலுவலகங்களில் சீனியாரிட்டிச் சண்டை இதில்தான் தீரும்.

பதிவுக்குப் பிறகு

பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் கட்டாமல் விட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கும். மீண்டும் சேர்க்க அபராதத்தோடு மனுப் போட வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி மறப்பது இது.

சொந்தமாகத் தொழில் தொடங்கும்போது, கூட்டாக நடத்தினால் கூட்டாளிகள் அனைவரும் பதிவு பெற்றவர்களாக இருந்தால்தான் நிறுவனத்தின் பெயரில் 'ஆர்க்கிடெக்ட்ஸ்' வரலாம். பதிவு பெற்ற நீங்களும் சிவில் படித்த நண்பரும் சேர்ந்து தொடங்குவதாக இருந்தால் பெயரை வேறு மாதிரி யோசியுங்கள். நடத்தை விதிகள் 1989இல் வந்தவை. கமிஷன் வாங்குவது, சக ஆர்க்கிடெக்டின் வேலையைத் தட்டிப் பறிப்பது போன்றவற்றுக்குக் கவுன்சில் விசாரித்துப் பெயரையே நீக்க முடியும்.

தமிழ்நாட்டில் பிளான் அப்ரூவல் வேலை செய்ய 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டியிருக்கும். கவுன்சில் எண் மட்டும் போதாது, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) போன்ற அனுமதி அமைப்புகளிலும் தொழில்முறையாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். அது அலுவலக வேலைதான், கடினம் இல்லை.

வெளிநாடு போகிறவர்களும் அங்கிருந்து வருகிறவர்களும்

நம்முடைய பி.ஆர்க். வேறு நாட்டில் தானாகவே உங்களை ஆர்க்கிடெக்ட் ஆக்காது. அங்கெல்லாம் சோதனை படிப்புக்குப் பின்னால் நிற்கிறது. அமெரிக்காவில் ஏற்கப்பட்ட பட்டம், பிறகு 3,740 மணி நேரம் பதிவேடு வைத்த பணி அனுபவம், அதோடு ஆறு பகுதிகள் கொண்ட உரிமத் தேர்வு. இந்தியப் பட்டத்தோடு போகிறவர்கள் அதை மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள், அல்லது அங்கே அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க். ஒன்றைப் படிப்பார்கள்.

பிரிட்டனில் நிலைமை இப்போது மாறும் கட்டத்தில் இருக்கிறது. பல பத்தாண்டுகளாகப் பார்ட் 1, பார்ட் 2, பார்ட் 3 என்று மூன்று கட்டம். மூன்று வருடப் பட்டம், ஒரு வருட வேலை, இரண்டு வருட முதுகலை, மீண்டும் வேலை, கடைசித் தேர்வு. அங்குள்ள ஆர்க்கிடெக்ட்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் போர்டு 2023இல் இதை மாற்ற முடிவு செய்தது. பார்ட் 1 அங்கீகாரத்தை விலக்கி, முதுகலை நிலைப் படிப்பு ஒன்று, தொழில் அனுபவத்துக்கான தகுதி ஒன்று என்று இரண்டாகச் சுருக்கும் திட்டம் அது. எந்தப் பட்டம் வைத்திருக்கிறார் என்பதைவிட என்ன செய்யத் தெரியும் என்பதைப் பார்ப்பதே நோக்கம். இதனால் வேறு துறையில் இளங்கலை படித்தவருக்கும் அங்கே வழி திறக்கலாம். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் மாறும் காலத்தில் போய்ச் சேர்கிறவர், தான் சேரும் படிப்பு பழைய முறையிலா புதிய முறையிலா அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்று பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

திரும்பி வருகிறவர்களுக்கு எதிர்த் திசையில் சிக்கல். வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பதற்கு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு இருக்கிறது. லண்டனில் மூன்று வருடம் மட்டும் படித்துவிட்டு வந்து இங்கே பதிவு கேட்டால் கிடைக்காது. பிளஸ் டூ முடித்த கையோடு வெளிநாட்டில் பி.ஆர்க். படிக்கக் கிளம்புகிறவர்கள், அந்தப் பட்டத்தைக் கவுன்சில் ஏற்குமா என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். ஏஜென்ட் சொல்வதை ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த நாட்டுக்குப் போனாலும் மதிப்பீட்டில் உங்கள் பி.ஆர்க். பாடத்திட்டத்தின் முழு நகலைக் கேட்பார்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் என்பது உட்பட, கல்லூரி முத்திரையோடு. அதைப் படிப்பு முடிந்து டி.சி. வாங்கும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். பத்து வருடம் கழித்துப் போய் நின்றால் ரெகுலேஷன் இரண்டு முறை மாறியிருக்கும், பழைய பாடத்திட்டம் எந்த பீரோவில் இருக்கிறது என்று தெரிந்த கிளார்க்கும் ஓய்வு பெற்றிருப்பார்.